கழித்தல் குறி

மதியம் மூன்று மணி, ட்ரியெஸ்டே.
போரா காற்று கழுத்துப்பட்டைக்குள் கை விட்டுத் துழாவுகிறது.
கடலளவை நிலையத்தின் இரண்டாம் மாடியில்
தம்யானா ஷ்கெர்க்
ஒரு சரத்துக்கு உறை தைத்துக்கொண்டிருக்கிறாள்.

உள்ளே சி ப்ளஸ் ப்ளஸ். வெளியே பைதான்.
உள்ளிருப்பது தொண்ணூற்று நான்கில் ஃபெருச்சோ எழுதிய வகுப்பு.
முந்நூற்றுப் பதினோரு வரி,
விளக்கம் என்று ஒரு சொல் கிடையாது,
ஓரிடத்தில் மட்டும் "இதைத் தொடாதே."

அடைப்புக்குறி முதலில்.
ஐந்தெழுத்துப் பெயரில் ஒன்பதாம் எழுத்தைக் கேட்டால்
பைதான் கையைத் தட்டிவிடும்.
இந்த வகுப்போ
பக்கத்து வீட்டில் கிடந்ததை எடுத்து
உன்னுடையதுதான் என்று நீட்டும்.
நடுவில் ஒரு கதவு வைத்தாள்.

பிறகு நினைவகம்.
இங்கே எடுத்தவரேதான் திருப்பி வைக்க வேண்டும்.
அங்கே எண்ணிக்கொண்டே இருக்கிறான் ஒருவன்,
கேட்பாரில்லை என்றானதும் பெருக்கித் தள்ளுவான்.
இருவரும் ஒரே பிணத்தை அடக்கம் செய்யக் கிளம்பினால்
கல்லறைத் தோட்டமே சரியும்.
இரண்டு முறை சரிந்தது.
மூன்றாவதற்கு முன் கீழே இறங்கிப் போய்
கண்ணாடிக் குவளையில் ஒரு கப்போ குடித்துவிட்டு வந்தாள்.

கூட்டல் குறியில் சிக்கலில்லை.
நிலைமொழி அப்படியே, வருமொழி அப்படியே,
தோன்றலில்லை, திரிதலில்லை,
இயல்பு புணர்ச்சி என்று இலக்கணம்
ஒரே வரியில் தாண்டிப் போகும் இடம்.
அரை மணி நேரம். சோதனை பச்சை.

ஆனால் கழித்தலும் இருந்தது.

சொல்லிலிருந்து சொல்லை யார் கழிப்பார்?
தேடினாள்.
நாற்பதாயிரம் வரிகளில் ஒரே ஒரு வரி,
அறிக்கை அச்சுக்குப் போகும் வாசலில்:
நிலையப் பெயர் கழித்தல் தொப்பிகள்.
தொப்பிகள் என்ற மாறிக்குள்
தலையில் கொக்கி வைத்த ஆறு எழுத்துகள்.
அவற்றில் ஒன்றில்தான் தொடங்குகிறது
அவள் குடும்பப் பெயர்.

ஃபெருச்சோ இப்போது மொன்ஃபால்கோனேயில்
படகுகளுக்குச் சாயம் விற்கிறான்.
"ஐயோ, அந்த அச்சுப்பொறி!
தொப்பி வைத்த எழுத்து வந்தால்
பாதித் தாளில் நின்று விசிலடிக்கும்.
வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேறு.
எடுத்துவிட்டேன். யாராவது கவனித்தார்களா?"
"இல்லை" என்றாள்.
அது உண்மை.

நம்மிடம் அதற்குக் கெடுதல் என்று பெயர்.
அவனிடம் வெள்ளிக்கிழமை.

கடலைப் பார்த்த சரிவில் ஓர் ஊர், க்ரிஷ்.
ஸ்லோவேனிய மொழியில் சிலுவை.
கடைசி எழுத்தைக் கழித்தால் க்ரி.
க்ரி என்றால் குருதி.
இருபத்தொன்பது ஆண்டுகளாய் மணிக்கொரு தரம்
குருதியில் நீர்மட்டம் எவ்வளவு என்று
இந்த நிலையம் எழுதி வந்திருக்கிறது.
நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர்.
நூற்றுப் பதினான்கு.
ரோமில் யாரோ அதற்குச் சராசரியும் எடுத்திருக்கிறார்கள்.

கழித்தலை நீக்கிப் பார்த்தாள்.
அந்த எழுத்து நூற்று ஐம்பத்தெட்டு என்ற எண்ணாக வந்து நிற்க,
இது எழுத்தே இல்லை என்று பைதான் நின்றுவிட்டது.
பழைய அட்டவணையைத் தேடியெடுத்துப்
பக்கத்தில் வைத்தாள், படித்தது.
ஆவணக் கிடங்கில் பெயரைக் கொடுத்தாள்.
வெற்றுப் பட்டியல்.
க்ரிஷ் என்ற பெயரில் கடலே இல்லை.

இரண்டு சமக்குறி போட்டுக் கேட்டாள்,
க்ரிஷ்ஷும் க்ரியும் ஒன்றா?
பொய், என்றது திரை.

சரிதான்.
ஆனால் பொய்யின் பெயரில்தான்
அத்தனை அலைகளும் அடுக்கப்பட்டிருக்கின்றன.

எனவே கழித்தலை அவள் அழிக்கவில்லை.
வெளியே அதற்குக் குறியும் தரவில்லை,
ஒரு விரல் தவறிப் பட்டு நடந்துவிடக் கூடாது.
வாய் வலிக்கும் நீளத்தில் ஒரு பெயர் வைத்தாள்:
தொண்ணூற்று நான்கின் அச்சுப்பொறி கேட்டபடி.
கிடங்கைத் திறக்க மட்டும் அது.
திறந்த பின் முழுப்பெயர்.

மாற்றத்தைச் சேர்த்தவர் யாரென்று கேட்டது.
தட்டினாள்.
முதலெழுத்தின் தொப்பி இருக்கிறதா என்று
ஒருமுறை பார்த்தாள்,
தெருவில் காற்று தூக்காதபடி
எல்லோரும் தொட்டுப் பார்ப்பதைப் போல.

ஆறு மணி அளவு வந்து விழுந்தது.
க்ரிஷ்: நூற்று எட்டு.
நாளெல்லாம் காற்று தண்ணீரை வெளியே தள்ளியதில்
கொஞ்சம் குறைவு.